கல்லுக்கும் பானைக்கும் ஓர் இடம்: ஒரு நகர்ப்புற மயானத்தை மாற்றியமைத்த நிகழ்வு ஆய்வு

கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கி ஊர் நீண்டுகொண்டே போகிற பக்கத்தில் ஒரு பொது மயானம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும் வேலையில் 2021 முதல் 2024 வரை கட்டடப் பொறியாளராக இருந்தேன். அதைப் பராமரிக்கும் அறக்கட்டளையிலும் நான் உறுப்பினர். பாதி வேலை முடிந்த நிலையில் நிறுத்தி, கட்டியதில் கொஞ்சம் இடித்து, திரும்பவும் செய்தோம். இதே போன்ற வேலையில் இறங்கப்போகும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதிவைக்கிறேன். ஆட்களின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

பின்னணி

மயானம் சுமார் மூன்று ஏக்கர். கிழக்கே தார்ச்சாலை. மேற்கே ஒரு பள்ளம். மலையில் மழை பெய்தால் அதில் தண்ணீர் வரும், மற்ற நாளில் மணலும் உருண்டைக் கல்லும்தான். ஒரு தலைமுறைக்கு முன்பு இது ஊருக்கு வெளியே கிடந்த காடு. இப்போது மூன்று பக்கமும் வீடு.

நடுவில் எரிமேடை, அதை ஒட்டி எரிவாயு தகன மேடை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் இங்கேதான் எரிப்பார்கள். பள்ளத்தை ஒட்டிய தென்மேற்கு மூலையில் பக்கத்து இருளர் பதியை, அதாவது பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் தங்கள் ஆட்களைப் புதைத்து வந்தார்கள். அந்தப் பதி மயானத்தைவிடப் பழையது. ஊர் வளர்ந்து வந்து பதியைச் சுற்றிக்கொண்டது.

அப்புறம் வந்தவர்கள் வடமாநிலத் தொழிலாளர்கள். சுற்றுவட்டார ஃபவுண்டரி, ஸ்பின்னிங் மில், கட்டட வேலை எல்லாவற்றிலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பத்தான் முதலில் பார்ப்பார்கள். 2,000 கிலோமீட்டருக்கு ஆம்புலன்ஸ் என்றால் வாடகை கட்டுப்படியாகாது. விமானத்துக்குக் காகித வேலை அதிகம். முடியாதவர்கள் இங்கேயே எரித்துவிடுவார்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், அனுப்பும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. ஒற்றை எரிவாயு மேடை இரவு பகலாக எரிந்தது.

அந்தக் கோடை முடிந்ததும்தான் விரிவாக்கத் திட்டம் போட்டோம். இரண்டாவது எரிமேடை, கான்கிரீட் தளம், சுற்றிலும் காம்பவுண்டு சுவர், வண்டி நிறுத்த இடம், ஆம்புலன்ஸ் திரும்ப வசதியாகத் தார்ச்சாலைப் பக்கம் புதிய கேட். வரைபடம் போட்டவன் நான்தான். ஒரு நாளைக்கு எத்தனை உடல், ஒரு உடலுக்கு எவ்வளவு நேரம், எத்தனை வண்டி என்று கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். இறந்தவரோடு வருகிறவர்கள் அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அந்தத் தாளில் எங்குமே இல்லை.

முதல் சம்பவம்: கல்

2022 ஜனவரியில் தென்மேற்கு மூலையை மட்டப்படுத்த ஜேசிபி விட்டோம். அங்கே முட்புதர் மண்டிக் கிடந்தது. நடுநடுவே பள்ளத்து உருண்டைக் கற்கள் சிறுசிறு கும்பலாகக் கிடந்தன. "சார், இந்தக் கல்லுக?" என்று ஓட்டுநர் கேட்டார். "ஒரு ஓரமாத் தள்ளுங்க, காம்பவுண்டு அஸ்திவாரத்துக்கு ஆகும்" என்றேன். ஒப்பந்தக்காரர் மீதோ ஓட்டுநர் மீதோ இதில் தப்பில்லை. சொன்னது நான்.

ஒரு மாதம் கழித்துப் பதியில் ஒரு பெரியவர் இறந்தார். கொகால் குழலும் பொறை மேளமும் ஒலிக்கத் தூக்கி வந்தார்கள். வழக்கமாக வரும் பள்ளத்து வழியை அடைத்துச் சுவர் நின்றது. ரோட்டைச் சுற்றிக்கொண்டு புதிய கேட் வழியாக வந்தார்கள். வந்து பார்த்தால் மூலை மொட்டையாகக் கிடக்கிறது. வாத்தியம் நின்றுவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. பாடையை வேப்ப மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர அரை மணி நேரமானது. பதியின் தலைவரான மூப்பன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாமி, எங்க ஆளுகளையெல்லாம் எங்க போட்டீங்க?"

அவர் கல்லைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆழமாகத் தோண்டவில்லை, எலும்பு எதுவும் வெளியே வரவில்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரின் அடியைக் கையால் காட்டினார்.

ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள். இறந்தவரைப் புதைத்தபின் பள்ளத்திலிருந்து தண்ணீர் உருட்டி வழுவழுப்பான ஒரு கல்லை எடுத்து வந்து வைப்பார்கள். அதற்கப்புறம் முன்னோர் இருப்பது அந்தக் கல்லில். குழி எங்கே இருந்தது என்பதுகூட நாளாவட்டத்தில் மறந்துபோகலாம், கல் மறக்காது. இதை நான் அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது சம்பவம்: பானை

இரண்டு மாதம் போயிருக்கும். பீகாரைச் சேர்ந்த ஃபவுண்டரித் தொழிலாளி ஒருவர் மாரடைப்பில் இறந்து எங்கள் மேடையில் எரிக்கப்பட்டார். கூட வேலை செய்த தம்பிதான் கொள்ளி வைத்தார். அவர்கள் ஊரில், எரித்து முடித்தபின் சடங்கு செய்கிறவர் அரச மரத்தில் ஒரு மண்பானையைக் கட்டுவார். பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, அதில் தர்ப்பையைச் செருகியிருக்கும். பத்து நாள் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் தண்ணீர் போன உயிரின் தாகத்துக்கு. பத்தாம் நாள் பானையை உடைப்பார்கள்.

தம்பி பக்கத்தில் இருந்த அரச மரத்தில் கட்டிவிட்டார். மயானத்துக்கு எதிர்த் தெருவில் இருக்கும் மரம் அது. அடியில் பிள்ளையார், நாகர் கல். குழந்தை வேண்டிப் பெண்கள் விடியற்காலையில் சுற்றுகிற மரம். அந்த மரத்தில் முடிச்சுப்போட்ட கயிற்றில் ஒரு பானை, அதிலிருந்து நீர் சொட்டுகிறது. செய்வினை என்று பேச்சுப் பரவியது. நாலாம் நாள் யாரோ பானையை உடைத்துவிட்டார்கள். கூட்டம் கூடி, போலீஸ் ஸ்டேஷன் வரை போய், சாயங்காலம் இரு தரப்பையும் சமாதானம் பேசி அனுப்பினார்கள்.

அந்தப் பெண்கள் பயந்ததில் தப்பு காண எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் சாவுக்குரிய எதையும் அரசும் வேம்பும் இருக்கும் மேடைக்கு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். அந்தத் தம்பிக்கும் வேறு மரம் தெரியாது.

ஃபவுண்டரி சூப்பர்வைசர் அவரை என்னிடம் அழைத்து வந்தார். வெள்ளை வேட்டி, மொட்டைத் தலை, காலில் செருப்பில்லை. கையில் ஒரு துண்டில் ஓட்டாஞ்சில்லுகளைக் கட்டி வைத்திருந்தார். ஐந்து வருடமாக இங்கே இருப்பதால் தமிழ் ஓரளவு வரும். "நாலு நாள்தாண்ணா ஆச்சு. இன்னும் ஆறு நாள் அண்ணனுக்குத் தண்ணி யார் குடுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மயானத்துக்குள் ஒரு அரசங்கன்றுகூட இல்லை என்றுதான் அன்று நினைத்தேன். அது தவறு என்பது பின்னால் தெரிந்தது.

மூன்றாவது சம்பவம்: பூ

இதை எனக்குச் சொன்னவர் தகன மேடை ஆபரேட்டர். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

ஜார்க்கண்டைச் சேர்ந்த சந்தாலி இளைஞர் ஒருவர், மில்லில் வேலை. பெரியப்பா மகன் இறந்து எரித்தாயிற்று. மற்றவர்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டார்கள், இவர் மட்டும் நிற்கிறார். "அண்ணா, பூ வேணும்" என்று கேட்டிருக்கிறார். எரிந்து முடிந்தபின் எதற்குப் பூ என்று ஆபரேட்டருக்குக் குழப்பம். வெளியே பூக்காரம்மாவைக் காட்டி அனுப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பையன் ஒரு சம்பங்கி மாலையோடு திரும்பி வந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். அதற்குள் சாம்பலை இழுத்துத் தொட்டியில் கொட்டியாயிற்று.

சந்தாலி மொழியில் ஜாங் என்றால் எலும்பு, பாஹா என்றால் பூ. எரிந்தபின் எடுக்கும் எலும்புத் துண்டுகளை ஜாங் பாஹா என்பார்கள், எலும்புப்பூ. அதைத் தாமோதர் ஆற்றில் கரைத்தால்தான் அவர்களுக்கு அந்தச் சாவு முடிகிறது. இந்தியிலும் எலும்பு பொறுக்குவதைப் பூப் பொறுக்குவது என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பையன் சரியாகத்தான் மொழிபெயர்த்துக் கேட்டார்.

வேலையை நிறுத்தி, கேட்கத் தொடங்கியது

இந்த மூன்றையும் அறக்கட்டளைக் கூட்டத்தில் வைத்தேன். வேலையை நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்கு நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. தரலாம், ஆனால் இந்தச் சுவரை இப்படியே கட்டி முடித்தால் காலத்துக்கும் நிற்கும் என்றேன். நான்கு மாதம் நிறுத்த ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் தப்பாகக் கேட்டோம். "உங்களுக்கு என்ன வசதி வேணும்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஒண்ணும் வேண்டாங்க, தண்ணி இருந்தாப் போதும்." நம்மிடம் கேட்டால் கிடைக்காது என்று பழகியவர்களின் பதில் அது. அப்புறம் கேள்வியை மாற்றினோம். உயிர் போன நேரத்திலிருந்து கடைசிச் சடங்கு வரை ஒவ்வொரு நாளும் எங்கே நிற்பீர்கள், கையில் என்ன இருக்கும், கூட யார் இருப்பார்கள் என்று கேட்டோம். அப்போதுதான் விஷயம் வந்தது.

பதிக்கு மூன்று முறை போனோம். அவர்கள் குழியை நேராகத் தோண்டிவிட்டு, அடியில் ஒரு பக்கமாகக் குடைந்து அறை போல ஆக்குவார்கள். உடலை அதற்குள் வைப்பார்கள், மேலிருந்து மண் நேராக விழாது. இதற்குக் கெட்டியான பூர்வ மண் வேண்டும். மட்டப்படுத்த நாங்கள் கொட்டிய மண்ணில் பக்கவாட்டில் குடைந்தால் சரிந்துவிடும். எனக்கு இது மண் பரிசோதனைக் கணக்கு. அவர்களுக்கு, முன்னோர் பக்கத்தில் இனி யாரையும் வைக்க முடியாது என்று அர்த்தம். புதைப்பதற்கு முன் உடலைச் சுற்றி வாத்தியத்தோடு ஆடுவார்கள். அந்த இடத்தில்தான் நான் ஷெட்டுக்கு நாலு இரும்புத் தூண் நட்டிருந்தேன். பின்னொரு நாளில் சீர் என்ற பெரிய சடங்கு நடக்கும், அன்றைக்குப் பதியே இங்கே வரும்.

முண்டா தொழிலாளி ஒருவர், தங்கள் ஊரில் எலும்பைக் குடும்பத்துக்கென்று இருக்கும் பெரிய பலகைக் கல்லின் கீழ் வைப்போம், அதற்குச் சாசன்திரி என்று பெயர் என்றார். இதை மூப்பனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அவங்களும் கல்லுக்காரங்கதான்" என்றார். வங்காள, அசாம் முஸ்லிம் தொழிலாளர்களை உள்ளூர் ஜமாத்தே தங்கள் கபர்ஸ்தானில் அடக்கம் செய்துவருகிறது, அதில் எங்கள் வேலை எதுவும் இல்லை. ஒடிசாக்காரர்களுக்குப் பத்தாம் நாள் சவரத்துக்கும் குளியலுக்கும் ஓடும் தண்ணீர் வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டோம்.

அதிகம் சொல்லிக்கொடுத்தவர் மயானப் பணியாளர். மூன்று தலைமுறையாக அவர் குடும்பம்தான் இங்கே. நான் கேட்டை மாற்றியதில் அரிச்சந்திரன் கல் பின்பக்கம் போய்விட்டதை அவர்தான் சுட்டிக்காட்டினார். நம் ஊர்ப் பிணமும் அரிச்சந்திரனிடம் இறக்கி, திருப்பி, உத்தரவு வாங்காமல் நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தது. "அவங்களுது மட்டுமில்லீங்க, நம்மளுதும்தான் போயிருச்சு" என்றார். வருகிறவர்களின் வழக்கத்துக்கு இடம் தேடப் போனவனுக்கு, ஊரின் வழக்கத்தையும் நான்தான் அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

எதிர்ப்பு

2022 ஆகஸ்டில் ஊர்க்கூட்டம். வடக்கிலிருந்து வந்தவர்களுக்காக மயானத்தை மாற்றுவதா என்று கேட்டார்கள். இன்று பானைக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு என்ன கேட்பார்கள் என்றார்கள். கல்லுக்காகக் கட்டிய சுவரை இடிக்க வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது.

கல்லைப் பற்றி நான் பேசினேன். நொய்யல் கரையில் கொடுமணலில் கல்வட்டங்களையும் கல்லறைகளையும் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, நம் கொங்கு நாட்டின் பெருமை என்று எல்லோரும் பேசினோம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்தவர்களின் கல்லைக் காப்பாற்றுகிறோம், போன தலைமுறையில் செத்தவர்களின் கல்லை அஸ்திவாரத்தில் போடுகிறோம் என்றேன். கொஞ்சம் பேர் தலையாட்டினார்கள்.

கூட்டத்தை மாற்றியது நான் பேசியது அல்ல. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்தார். அந்தப் பக்கத்தில் போர்வெல் ரிக் லாரிகள் அதிகம். இந்தியா முழுக்கப் போகும், போனால் மாதக்கணக்கில் திரும்பாது. அவர் மகன் ரிக் வேலைக்கு மத்தியப் பிரதேசம் போன இடத்தில் இறந்துவிட்டார். கூடப் போனவர்கள் அங்கேயே எரித்து, எலும்பை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டு வந்தார்கள். "அந்த ஊர்க்காரங்க ஒரு பொம்பள அடுத்த நாள் வந்து பால் ஊத்துனாங்களாம். எம்பையன்னு அவங்களுக்குத் தெரியுமா? கூடுதுறையில டப்பாவத் தொறக்கறப்ப அவங்களத்தான் நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் மனம் மாறிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எதிர்த் தெருவில் சிலர் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கற்களை மீட்பது முதல் வேலை. இதில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. வழுவழுப்பான உருண்டைக் கல் கட்டுமானத்துக்கு நிற்காது, கலவையும் பிடிக்காது. கொத்தனார் பெரும்பாலானவற்றைத் தூக்கி ஒதுக்கிப் போட்டிருந்தார். குவியலாக அப்படியே கிடந்தன. சுவருக்குள் போனவற்றுக்காக மேற்குச் சுவரை இடித்தோம்.

எந்தக் கல் யாருடையது என்பதை எப்படித் தீர்ப்பது என்று நான் கவலைப்பட்டேன். எண் போட்டு அடுக்கலாம் என்றுகூடச் சொன்னேன். மூப்பன் வேண்டாம் என்றார். எல்லோரையும் ஒன்றாகக் கலைத்தது நாம், ஒன்றாகவே உட்கார வைப்போம், அவர்களுக்குள் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். குவியலைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி மட்டும் ஒரு கல்லை எடுத்துத் திருப்பினார். சாம்பல் நிறக் கல், குறுக்கே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அம்மாவுடைய கல். அதை யாரும் குவியலில் போடச் சொல்லவில்லை.

மேற்குச் சுவரைத் திரும்பக் கட்டவில்லை. கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி போட்டோம். தோட்டத்துக்கும் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துக்கும் நம் பக்கம் போடுவதுதான். செலவு குறைவு, ஆடுமாடு நுழையாது, வேண்டிய இடத்தில் வழி விடலாம். பள்ளத்து வழியைத் திறந்துவிட்டோம். இங்கே ஒரு நல்ல கேள்வி எழுந்தது. பதிக்காரர்களுக்குத் தனி வழி என்றால் அது தீண்டாமை ஆகாதா என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். நம் ஊர்களில் சுடுகாட்டு வழிக்காக நடந்த கொடுமைகளைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. பதியில் திரும்பக் கேட்டோம். கேட் வழியாகவும் வருவோம், ஆனால் கல் எடுப்பது பள்ளத்தில், அதை ரோட்டைச் சுற்றிக் கொண்டுவர முடியாது என்றார்கள். இரண்டு வழியும் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று எழுதித் தீர்மானம் போட்டோம்.

மூலையில் கொட்டிய மண்ணை அள்ளிப் பூர்வ மண் தெரியும் வரை எடுத்தோம். ஷெட் தூண்களைப் பிடுங்கிக் கூரையை ஓரத்துக்கு மாற்றினோம். நடுவில் வெறும் மண் தரை. சாவுக்கு ஒரு மணி நேரம் என்று இருந்த நேரக் கட்டுப்பாட்டை அந்த மூலைக்கு எடுத்துவிட்டோம்.

பானைக்கு மரம். அரசங்கன்று நட்டால் பானை தாங்கும் கிளை வரப் பல வருடம் ஆகும். கல்தூணில் கொக்கி வைக்கலாமா என்று கேட்டதற்கு அந்தத் தம்பி, மரமில்லாமல் கட்டினால் கட்டாததுதான் என்றார். அப்போதுதான் மயானப் பணியாளர் வடக்கு மூலைக் கிணற்றைக் காட்டினார். தூர்ந்துபோன பழைய கிணறு. அதன் உள்சுவரில் அரசு முளைத்து, கல்லைப் பிளந்துகொண்டு இரண்டு ஆள் உயரத்துக்கு வெளியே வந்திருந்தது. வரைபடத்தில் நான் வெட்ட வேண்டும் என்று குறித்திருந்த மரம். கிணற்றைக் கம்பி வலையால் மூடி, மரத்தை விட்டுவிட்டோம். அதன் அடியில் எந்தச் சாமியும் வைக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் சேர்த்தோம். நாளைக்கு ஒரு பிள்ளையார் வந்தால் பானைக்கு மறுபடியும் இடம் போய்விடும்.

தண்ணீர் ஊற்றுகிறவர் ஷிப்டுக்குப் போகுமுன் வர வேண்டும். கேட் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதனால் கிணற்றுப் பக்கம் ஒரு சிறு கதவு வைத்து, சாவியைப் பத்து நாளைக்கு அவரிடமே கொடுத்துவிடுகிறோம்.

எலும்புக்கு ஆபரேட்டரே வழி சொன்னார். எரிந்து முடிந்ததும் நீளக் கம்பியால் சாம்பலை இழுப்பது வழக்கம், இழுக்கும்போதே எலும்பு நொறுங்கிவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டு, இடுக்கியால் பெரிய துண்டுகளை முதலில் எடுத்துத் தட்டில் வைத்தால் குடும்பத்தார் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். இதனால் ஒரு நாளைக்கு எரிக்கும் எண்ணிக்கையும் வருமானமும் குறையும். ஏற்றுக்கொண்டோம். ஊருக்கு எடுத்துப் போகும்வரை கலயத்தை வைக்க ஒரு பூட்டுப் போட்ட அலமாரியும் பதிவேடும் வைத்தோம். அரிச்சந்திரன் கல்லைப் புதிய கேட்டுக்குள் பத்தடியில் பூசை செய்து நட்டோம்.

அதன் பிறகு

2023 ஜூனில் வேலை முடிந்தது. அந்த வருடமே பதியில் சீர் நடந்தது. விடிய விடியக் கொகால் கேட்டது. எதிர்த் தெருவிலிருந்து புகார் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

கிணற்று அரசில் பானை கட்டுகிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பானை தொங்கியதையும் பார்த்திருக்கிறேன். எதிர்த் தெரு மரத்தில் அதற்கப்புறம் யாரும் கட்டவில்லை.

அலமாரிக் கலயங்கள் பெரும்பாலும் தன்பாத் எக்ஸ்பிரஸில் போகின்றன. ஆலப்புழையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாக ஜார்க்கண்ட் போகும் ரயில் அது. வேலைக்கு ஆட்கள் வருவதும் இதில்தான். விடுப்பில் போகும் யாராவது ஒருவர் மூன்று நான்கு பேருடைய கலயத்தைச் சேர்த்து எடுத்துப் போகிறார். மாலையோடு அழுத அந்தப் பையன் இப்படி இரண்டு முறை போய்வந்தார். அவருடைய அண்ணனுக்கு எலும்பு கிடைக்கவில்லை. சாம்பல் கொட்டிய தொட்டி மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்த் தாமோதரில் கரைத்ததாகச் சொன்னார். அது போதுமா என்று நான் கேட்கவில்லை.

அலமாரியில் இரண்டு கலயம் ஒரு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. கொடுத்திருந்த எண்கள் இப்போது வேலை செய்வதில்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1979ஆம் வருடத்து மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், வேலையில் விபத்தில் இறந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் ஒப்பந்தக்காரர் தெரிவிக்க வேண்டும் என்றது. காய்ச்சலில் ஹாஸ்டல் அறையில் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு கடிதமும் இருக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒரு அறை கட்டி வீணாக்கினோம். பானை கட்டுகிறவர் பத்து நாள் தரையில் படுத்து, தானே சமைத்துச் சாப்பிட வேண்டும், ஹாஸ்டலில் அதற்கு இடமில்லை என்று கேள்விப்பட்டதும் மயானத்திலேயே ஒரு அறை கட்டிவிட்டேன். ஒருவர்கூடத் தங்கவில்லை. சுடுகாட்டில் யார் படுப்பார்கள்? நம் ஆட்கள் படுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்கள் மட்டும் படுப்பார்கள் என்று எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. கடைசியில் மில் நிர்வாகத்திடம் பேசி ஹாஸ்டல் பின்பக்கம் ஓர் அறை ஒதுக்க வைத்தோம். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

பெண்களிடம் தாமதமாகக் கேட்டோம். நாங்கள் பேசியவர்கள் மூப்பன், கொள்ளி வைத்தவர், சூப்பர்வைசர், எல்லோரும் ஆண்கள். வடக்கே இருக்கும் மனைவியும் அம்மாவும் கைப்பேசியில் வீடியோவில்தான் பார்க்கிறார்கள் என்பது 2023 கடைசியில்தான் எங்கள் கவனத்துக்கு வந்தது. யாராவது ஒருவர் கை நடுங்க நடுங்கப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இப்போது மேடைக்கு எதிரே போன் வைக்க மார்பளவு உயரத்தில் ஒரு கல்பலகை இருக்கிறது. அதற்கு ஒரு நாள் வேலைதான். வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் மயானப் பணியாளரோடு இடத்தை ஒரு சுற்று நடந்திருந்தால் கல், அரிச்சந்திரன், கிணற்று அரசு மூன்றும் அன்றைக்கே தெரிந்திருக்கும். அடுத்த ஊரில் இந்த வேலை கிடைத்தால் நில அளவைக்கு முன் அதைத்தான் செய்வேன்.

ஒன்று இன்னும் முடியவில்லை. மேற்குச் சுவரின் தெற்குக் கோடியில் சுமார் பன்னிரண்டு அடி நீளத்தை இடிக்க முடியவில்லை. இரண்டாவது எரிமேடைக்கான மின்மாற்றி அதை ஒட்டி நிற்கிறது. அதன் அடியில் ஏழெட்டுக் கல்லாவது இருக்கும் என்கிறார் கொத்தனார். மின்மாற்றியை நகர்த்த மனு கொடுத்துப் பணமும் கட்டியிருக்கிறோம். அதுவரை பதிக்காரர்கள் யாரையாவது புதைக்க வந்தால், மற்ற கற்களுக்கு வைக்குமுன் அந்தச் சுவரோரம் ஒரு இலையில் சாமைச் சோறு வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.